இசைவு என்னும் சொல்

நுழையும்முன்

ஒருவர் தம் பெயரையும் கைபேசி எண்ணையும் ஓர் இணையப் படிவத்தில் எழுதும்போது, எழுதியவற்றைக் காட்டிலும் மிகுதியான செய்திகள் அவரைவிட்டுச் செல்கின்றன. அவை எங்குச் செல்கின்றன, எதற்காகச் செல்கின்றன, அதற்கு அவர் இசைந்தாரா என்பன இன்று சட்டம் எழுப்பும் வினாக்கள். மொழியறிவோடு தொடர்புடைய வினாக்களுமாகும். இணையப் படிவம், குக்கி, தானியங்கிச் சந்தைப்படுத்தல் ஆகியன இயங்கும் முறையையும், அவற்றை நெறிப்படுத்தும் இந்தியச் சட்டத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

படிவத்தின் முன்

கொசஸ்தலை ஆற்றின் அணைக்கட்டாலும் 1,500 மெகாவாட் திறன்கொண்ட அனல்மின் நிலையத்தாலும் அறியப்படும் ஊர், வடசென்னையை அடுத்த வள்ளூர். எண்ணூர்த் துறைமுகத்தையும் மின் நிலையங்களையும் சார்ந்து வாழும் அப்பகுதியில், இரவுப்பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்புவோர் பலர். அவ்வூரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நுழைவுத்தேர்வுப் பயிற்சி குறித்து அறிய விரும்பிய அவள், தந்தையின் கைபேசியில் தேடி, 'இலவச மாதிரித் தேர்வு' என்று அறிவித்த ஓர் இணையதளத்தை அடைகிறாள்.

பக்கம் திறந்ததும் கீழே ஒரு பட்டை தோன்றுகிறது. 'இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது' என்ற வரியும், பளிச்சென்ற நிறத்தில் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பொத்தானும் அதில் உள்ளன. மங்கிய எழுத்தில் 'அமைப்புகள்' என்றொரு சொல்லும் ஓரமாக இருக்கிறது. பட்டை பக்கத்தை மறைப்பதால் அவள் பொத்தானைத் தொடுகிறாள். அடுத்து வருவது படிவம். பெயர், வகுப்பு, ஊர், கைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கிறது. படிவத்தின் அடியில் ஒரு சிறு கட்டம். அதில் முன்னரே குறியிடப்பட்டிருக்கிறது. 'தொடர்புடைய சலுகைகள் குறித்த தகவல்களைப் பெற இசைகிறேன்' என்பது அதன் அருகிலுள்ள வாசகம். தந்தையின் எண்ணை எழுதி, 'சமர்ப்பி' என்பதைத் தொடுகிறாள்.

மறுநாள் முற்பகலில், இரவுப்பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த தந்தையின் கைபேசி ஒலிக்கிறது. அரைமணி நேரத்தில் மீண்டும் ஒலிக்கிறது. அவள் பெயரே கேள்விப்பட்டிராத வேறொரு நிறுவனம் பேசுகிறது. தேர்வு ஒருமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அழைப்புகள் பல வாரங்கள் தொடர்கின்றன.

மாணவியை யாரும் வற்புறுத்தவில்லை. அவள் தன் விரலால்தான் தொட்டாள். எனினும் அங்கே இசைவு நிகழ்ந்ததா என்று கேட்டால், இன்றைய சட்டம் இல்லை என்றே விடை கூறும். அவ்விடைக்கான காரணத்தை அறிய, படிவத்துக்குப் பின்னால் நிகழ்வனவற்றை முதலில் அறிய வேண்டும்.

குக்கி என்னும் அடையாளச் சீட்டு

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் நெறிமுறைக்கு இயல்பாக நினைவாற்றல் இல்லை. ஒருவர் முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குச் சென்றால், தளத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினிக்கு அவர் மீண்டும் புதியவரே. பொருள் விற்கும் தளத்துக்கு இது பெருங்குறை. கூடையில் இட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமற்போய்விடும். 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்னும் நிரலாளர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். வழங்கி, பார்வையாளரின் உலவிக்கு ஒரு சிறு எழுத்துத் துணுக்கை அனுப்பும். உலவி அதனைச் சேமித்துவைத்து, அதே தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் அடையாளத் துணுக்கை 'மேஜிக் குக்கி' என்று கணினியாளர் அழைத்துவந்தனர். அதிலிருந்தே இதற்குக் குக்கி என்னும் பெயர் அமைந்தது. தமிழில் 'நினைவி' என்றும் வழங்குவர்.

ரயில் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் தரும் டோக்கனோடு இதனை ஒப்பிடலாம். டோக்கனில் இருப்பது ஓர் எண் மட்டுமே. வண்டி யாருடையது, எப்போது வந்தது என்பன காப்பாளரின் ஏட்டில் இருக்கும். அதுபோலவே குக்கியில் பெரும்பாலும் ஓர் எண்ணே இருக்கிறது. அவ்வெண்ணுக்கு உரியவர் என்னென்ன பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பன நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன.

இதுவரை கூறியது தீங்கற்றது, தேவையானதும்கூட. வங்கித் தளத்தில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் கடவுச்சொல் கொடுக்காமல் இருப்பது குக்கியால்தான். சிக்கல் மற்றொரு வகையில் தொடங்குகிறது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் ஆகிய எல்லா நிலையங்களிலும் வண்டி நிறுத்துமிடத்தை ஒருவரே நடத்துகிறார் என்றும், எல்லா இடத்திலும் ஒரே டோக்கனைப் பயன்படுத்துகிறார் என்றும் கற்பனை செய்துகொண்டால், வண்டிக்காரர் எந்த நாளில் எங்குச் சென்றார் என்பது முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். விளம்பர நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தளங்களில் தம் நிரலைப் பதித்து இதையே செய்கின்றன. பார்க்கும் தளம் ஒன்று, குக்கியை வைப்பவர் வேறொருவர் என்பதால் இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலவி 2020-இல் இவற்றை முற்றிலும் தடுத்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனமும் தன் குரோம் உலவியிலிருந்து இவற்றை விலக்கப்போவதாக அறிவித்தது; 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

எண்ணுக்குப் பெயர் கிடைக்கும் இடம்

படிவத்தை நிரப்பும்வரை மாணவி ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரியவர் மூன்று நாள்களாகக் கட்டண விவரப் பக்கத்தைப் பார்த்திருப்பதும், பெரும்பாலும் இரவு பத்து மணிக்குமேல் வருவதும் நிறுவனத்துக்குத் தெரியும். அவர் யாரென்று தெரியாது. 'சமர்ப்பி' என்பதைத் தொட்ட நொடியில் நிலைமை மாறுகிறது. படிவம் பெயரையும் கைபேசி எண்ணையும் அனுப்புகிறது. உலவி குக்கியின் எண்ணையும் உடன் அனுப்புகிறது. இரண்டும் ஒரே பதிவில் இணைகின்றன. அதன்பின் செய்வது மட்டுமன்றி, அதற்குமுன் பெயரின்றிச் செய்தவையும் அப்பெயரின்கீழ் வந்துவிடுகின்றன. இந்த இணைப்பே தானியங்கிச் சந்தைப்படுத்தலின் அடித்தளம். படிவத்தை நிரப்புவோர் பெரும்பாலும் அறியாததும் இதுவே.

படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களும் உண்டு. எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தார், எந்தத் தேடுசொல்லால் வந்தார் என்பனவற்றை நிறுவனமே அவற்றில் நிரப்பி வைத்திருக்கும். மறைகட்டம் எனப்படும் இவற்றில் மாணவி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் அவள் அனுப்பியதாகவே அவை சென்று சேர்கின்றன.

பின்னர் மென்பொருள் தன் பணியைத் தொடங்குகிறது. பதிவு உருவானதும் நன்றி கூறும் குறுஞ்செய்தி செல்கிறது. இரண்டு நாள்களில் மின்னஞ்சலைத் திறக்காவிடில் வேறு தலைப்பிட்டு மற்றொரு மின்னஞ்சல் செல்கிறது. திறந்ததை எவ்வாறு அறிவது? மின்னஞ்சலுக்குள் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமற்ற படம் வைக்கப்பட்டிருக்கும். அஞ்சலைத் திறந்தால் அப்படம் வழங்கியிலிருந்து இறங்கும். இறங்கிய நேரம் பதிவாகும். திறந்தால் சில புள்ளிகள், இணைப்பைத் தொட்டால் மேலும் சில, கட்டணப் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் பல என ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் ஏறிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் அப்பெயர் தொலைபேசியில் பேசுவோரின் பட்டியலுக்குச் சென்றுவிடும். முற்பகலில் தந்தையை எழுப்பிய அழைப்பு, யாரோ ஒருவர் நினைத்துச் செய்ததன்று, மதிப்பெண் செய்தது.

சென்னையில் உருவாகும் கருவிகள்

இக்கருவிகள் தொலைதூரத்து விந்தைகள் அல்ல. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009-இல் பெயர் மாற்றம் பெற்ற சோஹோ நிறுவனமும், 2010-இல் சென்னையில் தோன்றிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனமும் வாடிக்கையாளர் பதிவுகளைப் பேணும் மென்பொருள்களையும் தானியங்கிச் சந்தைப்படுத்தல் மென்பொருள்களையும் உருவாக்கி உலகெங்கும் விற்கின்றன. கருவி நல்லதா தீயதா என்பது அதனை அமைப்பவர் இடும் கட்டளையைப் பொறுத்தது. இத்தகைய மென்பொருளில், படிவத்தை நிரப்பியவருக்கு உறுதி கேட்கும் மின்னஞ்சலை அனுப்பி, அதற்கு அவர் விடையளித்த பின்னரே பட்டியலில் சேர்க்கும் வசதி உண்டு. அதனை இயக்கவும் செய்யலாம்; நிறுத்தியும் வைக்கலாம். பிற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களைத் தன் இணையதளங்களிலிருந்து நீக்குவதாகச் சோஹோ 2020-இல் அறிவித்தது. குக்கிகளால் ஒருவரைப் பின்தொடராமலும் வணிகம் செய்யலாம் என்று இத்துறையினுள்ளேயே ஒரு நிறுவனம் கருதியதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

முன்னரே இட்ட குறி

இசைதல் என்பதற்குப் பொருந்துதல் என்பது பொருள். பொருந்துவதற்கு இரு தரப்பு வேண்டும். ஒரு தரப்பே கட்டத்தை வரைந்து, ஒரு தரப்பே அதில் குறியிட்டு, மற்றவர் அதனை அழிக்காமல் விட்டதை இசைவு எனக் கொள்ளலாமா? இவ்வினா ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது.

பிளானட்49 என்னும் ஜெர்மானிய நிறுவனம் 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் இணையத்தில் ஒரு பரிசுப்போட்டி நடத்தியது. பங்கேற்பாளர் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, விளம்பர நிறுவனங்கள் தம்மைத் தொடர்புகொள்ள இசைவது. அங்கிருந்த இணைப்பைத் தொட்டால் 57 நிறுவனங்களின் பட்டியல் விரியும். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். விலக்காவிடில் நிறுவனமே அவற்றுள் முப்பதுவரை தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டம் குக்கிகளுக்கு உரியது. அதில் முன்னரே குறியிடப்பட்டிருந்தது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முன்னரே குறியிட்ட கட்டம் இசைவாகாது, குக்கி எவ்வளவு காலம் இருக்கும், பிறர் அதனை அணுகுவரா என்பனவற்றையும் பயனருக்குக் கூற வேண்டும். ஒரு கட்டத்தைப் பற்றிய வழக்குக்கு ஆறாண்டு பிடித்தது என எண்ணத் தோன்றும். ஆனால் அக்கட்டம் அன்று எண்ணற்ற தளங்களில் இருந்தது.

மறுக்கும் வழியும் ஏற்கும் வழியும் ஒத்திருக்க வேண்டும் என்பது அடுத்த வினா. ஒரே தொடுதலில் ஏற்கலாம், மறுக்கவோ பல பக்கங்கள் கடக்க வேண்டும் என்று அமைத்ததற்காக, பிரான்ஸ் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக அறிவித்தது. வள்ளூர் மாணவி கண்ட பளிச்சென்ற பொத்தானும் மங்கிய 'அமைப்புகள்' என்ற சொல்லும் இவ்வகையினவே.

தெரிந்து தெளிவோம்

பயனரை அவர் விரும்பாத செயலுக்குத் திருப்பும் ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றை, இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுநெறிகளில் பட்டியலிட்டுள்ளது. குழப்பும் வினா அவற்றுள் ஒன்று. 'எனக்குச் செய்திகள் வர வேண்டாம் என நான் கூற விரும்பவில்லை' என்பதற்கு எதிரே குறியிட்டவருக்குச் செய்தி வருமா, வராதா? இரட்டை எதிர்மறை உடன்பாட்டுப் பொருள் தரும் என்னும் இலக்கணம் இங்கு வலையாகப் பயன்படுகிறது. மறுப்பவரை நாணச் செய்வது மற்றொன்று. 'வேண்டாம், என் எதிர்காலத்தில் எனக்கு அக்கறை இல்லை' என்று மறுப்புப் பொத்தானில் எழுதிவைப்பது இவ்வகை.

இந்தியச் சட்டம்

ஓய்வுபெற்ற கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக நீண்ட விவாதங்களுக்குப் பின்னர், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டு 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டு மாதக் காலம் அவ்விதிகளில் தரப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின்படி இசைவு என்பது கட்டாயமின்றித் தரப்பட வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும். விவரம் அறிந்து தருவதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமற்றதாக, தெளிவான ஒரு செயலால் வெளிப்படுத்தப்படுவதாக இருக்க வேண்டும். அந்நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. தொலைநிலை மருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ ஆலோசனைக்காகத் தரவைப் பயன்படுத்தவும் கைபேசியின் தொடர்புப் பட்டியலைப் பார்க்கவும் ஒருவரிடம் இசைவு கேட்கிறது. அவர் இரண்டுக்கும் இசைகிறார். ஆயினும் மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. ஆகவே அவரது இசைவு ஆலோசனைக்கு மட்டுமே செல்லும். மருந்துக்கடையில் பொருள் வாங்கியவர், பணம் பெற்றதற்கான குறுஞ்செய்தியைக் கேட்டுத் தம் எண்ணைத் தந்தால், அவ்வெண்ணை அதற்கே பயன்படுத்தலாம் என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. கடைகளில் பட்டியலிடும்போது கைபேசி எண்ணைக் கேட்டு வற்புறுத்துதல் கூடாது என, 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத்துறை அறிவுறுத்தியதும் நினைக்கத்தக்கது.

இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் மற்றொரு கூறு. இசைவு முறையாகப் பெறப்பட்டதா என்று வினா எழுந்தால், பெற்றோம் என்று மெய்ப்பிக்கும் கடமை நிறுவனத்துக்கே உரியது. 'நீங்கள்தான் தொட்டீர்கள்' என்று கூறி நிறுவனம் விலகிவிட முடியாது.

தமிழ் மாணவர்கள் தனியே அறிய வேண்டியது மொழி குறித்த கூறு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழில் கேட்பது உரிமையாகிறது. ஆயினும் தமிழில் இருந்தால் மட்டும் போதாது. 'தங்கள் தரவுகள் எம் கூட்டாளிகளுடன் பகிரப்படலாம்' என்னும் தொடரைக் காண்க. இது செயப்பாட்டுவினைத் தொடர். எழுவாயாக நிற்பது தரவு. பகிர்பவர் யார் என்பது தொடரில் இல்லை. 'கூட்டாளிகள்' எத்தனை பேர், யாவர் என்பதும் இல்லை. 'படலாம்' என்பது பகிர்வதையும் பகிராமல் விடுவதையும் ஒருங்கே குறிப்பதால், எது நடந்தாலும் அத்தொடர் பொய்யாகாது. இதனையே 'உங்கள் கைபேசி எண்ணை நாங்கள் மூன்று பயிற்சி நிறுவனங்களுக்குக் கொடுப்போம்' என்று செய்வினையில் எழுதி, மூன்று பெயர்களையும் கீழே தந்தால், படிப்பவர் உடனே முடிவெடுப்பார். விவரம் அறிந்து தரும் இசைவு என்று சட்டம் கூறுவது இத்தகைய தொடருக்குத் தரப்படும் விடையைத்தான்.

விற்பனை அழைப்புகளைத் தவிர்க்க, 1909 என்னும் எண்ணின் வழியே விருப்பத்தைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்துள்ளது. ஆனால் வேண்டாம் எனப் பதிந்தவரும் ஒரு நிறுவனத்துக்குத் தனியே இசைவு தந்திருந்தால், அதன் அழைப்பு வரக்கூடும். எனவே தந்தை பதிவுசெய்திருந்தாலும், மகள் நிரப்பிய ஒரு படிவம் அதனைக் கடந்துசெல்ல இடமளிக்கலாம். அங்குத் தரப்பட்டது அவரது எண், அவரது இசைவன்று. இவ்வேறுபாட்டைக் கூறி, தம் எண்ணை நீக்குமாறு அந்நிறுவனத்திடம் கோர அவருக்கு உரிமை உண்டு. நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியில் தீர்வு கிடைக்காவிடில், இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம்.

பதினெட்டு வயதுக்குமுன்

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதினர். இச்சட்டத்தின் பார்வையில் பதினெட்டு வயது நிறையாதவர் குழந்தையே. குழந்தையின் தரவைப் பயன்படுத்த, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும். குழந்தைகளின் செயல்களைப் பின்தொடர்வதும், அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்பது பொதுவிதி. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உள்ளன. அவை கற்பித்தல் பணிக்கும் தம்மிடம் பயிலும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் உரியவையே தவிர, மாணவர் சேர்க்கைக்கான விளம்பரத்துக்கு உரியவை அல்ல. குழந்தைகள் தொடர்பான இக்கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இவ்விதி குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. கல்லூரியையும் பாடத்தையும் தானே தேர்ந்தெடுக்கும் பதினேழு வயதினர், ஒரு மாதிரித் தேர்வு எழுதப் பெற்றோரைக் கேட்க வேண்டுமா என்று வினவுவோர் உளர். பெற்றோருக்குப் படிவத்தைப் படித்துக்காட்டுவதே பல வீடுகளில் பிள்ளைகள்தாம் என்பதும் உண்மை. ஆயினும் கண்காணித்தலுக்கும் குறிவைத்தலுக்கும் உள்ள தடை, மாணவர் எதையும் தேடுவதைத் தடுப்பதன்று. தேடுபவரைப் பின்தொடர்வதையே அது தடுக்கிறது.

இந்நெறிகளின்படி அப்படிவம் அமைந்திருந்தால், குக்கிப் பட்டையில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்னும் இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்திருக்கும். தேர்வு எழுதுவதற்கு ஒரு கட்டமும், விற்பனை அழைப்புக்குத் தனியே மற்றொரு கட்டமும், இரண்டும் குறியின்றி இருந்திருக்கும். இரண்டாவதைக் குறியிடாமலேயே தேர்வை எழுத முடிந்திருக்கும். எண் யாருக்குச் செல்லும் என்பது தமிழில், பெயர் சுட்டி எழுதப்பட்டிருக்கும். வயதைக் கேட்டு, பதினெட்டுக்குக் குறைவெனில் பெற்றோரிடம் இசைவு கேட்டிருக்கும்.

வள்ளூர் மாணவி கண்ட படிவம் அவளது வயதைக் கேட்கவில்லை. ஆகவே அவள் குழந்தை என்பது தமக்குத் தெரியாது என்று நிறுவனத்தார் கூறக்கூடும். ஆனால் 'வகுப்பு' என்று கேட்ட கட்டத்தில் அவள் 11 என்று எழுதியிருந்தாள்.